ஆம்பூர் பக்கத்து மலையும் லடாக் பாலைவனமும்... கண்ணுக்குத் தெரியாத ‘டார்க் மேட்டர்’ வேட்டை!

ஆம்பூர், வாணியம்பாடி என்றதும் தோல் தொழிற்சாலைகளும் பிரியாணியும் நினைவுக்கு வரும். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் ஏறினால், காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1977-ல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பதைப் பதிவுசெய்த ஆய்வகங்களில் இதுவும் ஒன்று. நகர வெளிச்சம் எட்டாத வானம்தான் இதன் பலம்.

இதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம், இன்னும் நல்ல வானத்தைத் தேடி லடாக்கின் ஹான்லேயிலும் ஆய்வகம் அமைத்தது. அதே ஹான்லேயில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய ‘மேஸ்’ தொலைநோக்கி 2024 அக்டோபர் 4-ல் திறக்கப்பட்டது. அதன் வேலைகளில் ஒன்று, ‘டார்க் மேட்டர்’ எனும் கரும்பொருளைத் தேடுவது.

அது என்ன கரும்பொருள்?

கேலக்ஸிகளின் ஓரத்தில் நட்சத்திரங்கள் சுற்றும் வேகத்துக்கு, அவை சிதறி ஓடியிருக்க வேண்டும். ஏதோ ஒன்று இழுத்துப் பிடித்திருக்கிறது. நாம் அறிந்த பொருளைப்போல சுமார் 5 மடங்கு இருக்கும் அது, ஒளியை வெளியிடுவதும் இல்லை, பிரதிபலிப்பதும் இல்லை.

பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? தம் போட்ட பிரியாணியை, மூடி திறக்காமலே வாசனையில் கண்டுபிடிப்பதில்லையா? கரும்பொருள் துகள்கள் மோதி அழிந்தால் காமா கதிர்கள் வரலாம் என்பது கணிப்பு. அந்தக் கதிர்களைக் காற்று மண்டலம் தடுத்துவிடும். ஆனால், தடுக்கும்போது மெல்லிய நீல ஒளி மின்னும். ஒரு நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும் அந்த மின்னலைத்தான், 21 மீட்டர் அகல ‘மேஸ்’ பிடிக்கிறது.

சிக்கல் என்னவென்றால், பக்கத்துக் கடையிலிருந்தும் வாசனை வரும். பல்சர்களும் கருந்துளைப் பகுதிகளும்கூட காமா கதிர்களை வீசுகின்றன. அதனால், அந்தத் தொல்லை குறைந்த, கரும்பொருள் நிறைந்த குட்டி கேலக்ஸிகளை விஞ்ஞானிகள் குறிவைக்கிறார்கள். உலகில் இதுவரை யாருக்கும் உறுதியான தடயம் சிக்கவில்லை. ஆனாலும், ‘இங்கே இல்லை’ என்று தெரிவதும் தேடலைச் சுருக்கும் பதில்தான்.

இந்த வேட்டைக்கு இருட்டு அவசியம். ஹான்லே பகுதி 2022-ல் இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, விளக்குகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. காவலூரின் தொலைநோக்கிக்கும் அந்த இருட்டு வேண்டும். நம் வீட்டு வாசல் விளக்கு தரையைப் பார்த்து எரிந்தாலே போதும்!