பாலும் தயிர்சாதமும் போதுமா?

“ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குறான் டாக்டர்!” குழந்தை மருத்துவர்கள் அன்றாடம் கேட்டுச் சலித்த புகார் இது. புகாருக்குரிய பிள்ளையோ பெரும்பாலும் மேசைமேல் ஏறி, ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்.

பசி ஏன் குறைகிறது?

பிறக்கும்போது 3 கிலோ இருக்கும் குழந்தை, ஐந்தாறு மாதத்தில் அதைப்போல் இரண்டு மடங்காகி, முதல் பிறந்தநாளில் 9 கிலோவைத் தொடுகிறது. அதன்பின் வேகம் தணிந்துவிடும். இரண்டு வயதுக்கு மேல் ஆண்டுக்குச் சுமார் 2 கிலோ ஏறினாலே போதும். வளர்ச்சி நிதானமானால் பசியும் நிதானமாகத்தானே செய்யும்? இது புரியாமல்தான் செல்போனைக் காட்டியும் பூச்சாண்டியைக் கூப்பிட்டும் ஊட்டும் படலம் வீடுதோறும் நடக்கிறது.

1920களில் அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர் ஒரு சோதனையைத் தொடங்கினார். தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளின் முன் முப்பதுக்கும் மேற்பட்ட எளிய உணவுகள். குழந்தை தானாகக் கை நீட்டினால் மட்டுமே செவிலியர் ஊட்டலாம், வற்புறுத்தல் கூடாது. குழந்தைகள் ஒரு வேளை அள்ளித் தின்றன, ஒரு வேளை கொறித்தன. ஆனாலும் நன்றாகவே வளர்ந்தன. இதைச் சொல்பவர்கள் பலர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அந்த உணவுகளில் சர்க்கரையும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை. எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் பாடு. எதை வைப்பது என்பது பெரியவர்கள் பாடு.

வெள்ளைச் சாப்பாட்டில் இல்லாத இரும்பு

அளவைப் பற்றிக் கவலைப்படும் வீடுகள் கோட்டைவிடுவது இங்கேதான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. இட்லி, ரஸ்க், தயிர்சாதம், நடுநடுவே டம்ளர் டம்ளராகப் பால் என்று வயிறு நிரம்பிவிடுகிறது, இரும்புச்சத்துதான் சேர்வதில்லை. பாலில் அது மிகக் குறைவு. போதாததற்கு, பாலில் உள்ள கால்சியம் மற்ற உணவின் இரும்பு உடலில் சேர்வதையும் குறைக்கிறது. சின்னப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் வேண்டியதில்லை.

4 முதல் 6 வயது வரை நாளுக்கு 11 மில்லிகிராம் இரும்பு தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. பெண் பிள்ளை பத்து வயதைத் தாண்டினால் அது 28 மில்லிகிராம். தம்பிக்கு ஈரலும் அக்காவுக்குக் குழம்பும் பரிமாறும் வீடுகள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும்.

ஈரல், இறைச்சி, மீன் ஆகியவற்றின் இரும்பு எளிதில் உடலில் சேரும். கீரை, பயறு, கேழ்வரகில் உள்ளதற்குத் துணை வேண்டும். சுண்டலில் பிழிந்த எலுமிச்சை, சாப்பிட்டதும் ஒரு துண்டு கொய்யா அல்லது நெல்லிக்காய், அவ்வளவுதான். சாப்பாட்டோடு டீ கொடுத்தால் அதெல்லாம் வீண். குடற்புழு இருந்தாலும் ரத்தம் குறையும். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

பந்தியில் பழகும் நாக்கு

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய, தமிழக அரசின் பள்ளிக் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கலோடு காய்கறி சாம்பாரும் உண்டு. வீட்டில் கத்தரிக்காயைப் பொறுக்கி ஒதுக்கும் பிள்ளை, வரிசையில் உட்கார்ந்தால் பக்கத்து இலையைப் பார்த்துத் தின்றுவிடும். கூட்டத்தோடு சாப்பிடுவதில் அப்படியொரு வசதி.

புதிய காய் பிடித்துப்போக எட்டு, பத்து முறைகூட ஆகலாம். முதல் நாள் துப்பிய பீட்ரூட்டை அடுத்த வாரம் தேங்காய்ப்பூ தூவி ஒரு ஸ்பூன் மட்டும் வைத்துப் பார்க்கலாம். தொடாவிட்டால் தட்டை எடுத்துவிடலாம். பதிலுக்கு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமலிருந்தால் சரி.