கோப்பு ஏறும் படிகள்

அரசாங்கச் செலவைக் குறைக்க வேண்டும் என்றவுடன் காகிதமும் மின்விளக்கும் மோட்டார் வண்டியுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றையும் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் டில்லியில் ரெய்சினாக் குன்றின்மேல் எழுந்த தலைமைச் செயலகத்தின் வேலைமுறையைக் கூர்ந்து நோக்கினால், எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இடம்பெறாத பெரியதொரு விரயம் புலனாகும். ஒரு கோப்பு மேசைக்கு மேசை சென்று காத்துக் கிடக்கும் காலமே அது.

பழைய வழக்கம் இது. ஒரு மனு வருகிறது. உதவியாளர் முன்னைய முடிவுகளைத் தேடியெடுத்து, பொருந்தும் விதியைச் சுட்டிக் குறிப்பு எழுதுகிறார். பிரிவு அதிகாரி அதைத் திருத்துகிறார். பின்னர் அது சார்புச் செயலர், துணைச் செயலர், இணைச் செயலர், செயலர் எனப் படிப்படியாக மேலேறுகிறது. பணம் சம்பந்தப்பட்டதாயின் நிதி அமைச்சகத்துக்கும் ஒரு யாத்திரை உண்டு. அங்கும் இதே ஏணிதான். முடிவு கிடைத்தபின் வந்த வழியே இறங்க வேண்டும். இடையிலுள்ளோரிற் சிலர் தேதியிட்டுக் கையொப்பமிடுவதோடு சரி. குடும்ப ஓய்வூதியத்துக்குக் காத்திருக்கும் விதவைக்கோ அத்தகைய கையொப்பம் ஒவ்வொன்றும் ஒரு வாரமாக நீளலாம்.

கரோல்பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் குடியேறிய நம்மவருள் எத்தனையோ பேர் இக்குறிப்புகளை எழுதியே உத்தியோக காலத்தைக் கழித்தவர்கள். உழைப்புக்குக் குறைவில்லை, ஏணிதான் நீளம்.

சுதந்திரத்துக்குப் பின் இதனை ஆராய்ந்தோருள் நம் தமிழரான கோபாலசுவாமி ஐயங்கார் முன்னவர். அவரது அறிக்கை 1949இல் வந்தது. 1951இல் கோர்வாலாவும், 1953இல் அமெரிக்க அறிஞர் பால் ஆப்பிள்பியும் அறிக்கை தந்தனர். அதன் பயனாக 1954 மார்ச்சில் காபினெட் செயலகத்தில், அலுவலக அமைப்பையும் வேலை முறைகளையும் கவனிக்கத் தனிப் பிரிவொன்று தோன்றியது. ஓர் அலுவலகத்துக்கு எத்தனை சிப்பந்திகள் தேவை என்பதை, வேலையை அளந்து சொல்லும் ஆய்வுக் குழு 1964இல் நிதி அமைச்சகத்தில் அமைந்தது.

ஆப்பிள்பியின் இரண்டாம் அறிக்கை 1956இல் வெளிவந்தது. தணிக்கைக்கு அஞ்சி அதிகாரிகள் முடிவெடுக்கத் தயங்குகிறார்கள் என்று அதில் அவர் கடுமையாகக் குறை கூறினார். நாம் அதனை முழுதும் ஏற்பதற்கில்லை. பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்பவர் இருந்தே தீரவேண்டும். எனினும் அவர் கண்ட அச்சம் மெய்யானது. தனியே முடிவெடுத்துப் பின்னர் விளக்கம் சொல்வதைக் காட்டிலும், ஐந்து பேர் கையொப்பத்தோடு தாமதிப்பதே பத்திரம் என்று ஒருவர் எண்ணினால், அவரைச் சோம்பேறி என்று சொல்வது எப்படி? தவறிய முடிவுக்குத் தண்டனை உண்டு. எடுக்காத முடிவுக்கு இல்லையே!

ஏணியையே குறுக்க முனைந்தது 1966இல் அமைந்த நிர்வாகச் சீர்திருத்தக் குழு. மொரார்ஜி தேசாய் முதலிலும், ஹனுமந்தையா பின்னரும் தலைமை வகித்தனர். அமைச்சருக்குக் கீழே இரண்டே படிகளில் ஆலோசனை முடிய வேண்டும் என்பது அதன் பரிந்துரை. அதையொட்டி 1973இல் மேசை அதிகாரி முறை வந்தது. கோப்பை முதலில் தொடுபவரே பொறுப்புள்ள அதிகாரி. பல விஷயங்களை அவரே முடித்துவிடலாம். நல்ல முறை, ஆனால் அது எல்லாப் பிரிவுகளுக்கும் பரவவில்லை.

அரை நூற்றாண்டு சென்று, 2021இல் மத்திய அரசு மேற்கொண்ட சீர்திருத்த முயற்சியில், கோப்பு ஏறும் படிகள் நான்குக்கு மேற்படலாகாது என்ற வரம்பும் அதே மேசை அதிகாரி முறையும் மீண்டும் இடம்பெற்றன. அவ்வாண்டு அக்டோபரில் அலுவலகங்களிற் குவிந்து கிடந்த பழங்கோப்புகளைக் கழித்து அறைகளைக் காலி செய்யும் இயக்கமும் நடந்தது. கோப்புகள் கணினிக்கு மாறியதில் ஒரு தனி நன்மை உண்டு. கோப்பு எவரிடம் எந்த நாளில் வந்தது, எந்த நாளில் அகன்றது என்பது தானே பதிவாகிறது. ஆயினும் கணினியிலும் ஆறு படி ஆறு படியே. அந்தப் பதிவை மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்து, இந்தக் கோப்பு இங்கே இருபது நாள் ஏன் தங்கியது என்று மேலதிகாரி கேட்கும் பிரிவுகளில்தான் அந்த விதவையின் மனு விரைவில் முடிவு காணும்.