செல்டிக்ஸின் கட்டம்போட்ட தளம்
பாஸ்டன் கார்டன், 1952–1995

1946இல் தொடங்கிய பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணிக்கு நீளப் பலகைகள் கிடைக்கவில்லை. போருக்குப் பிந்தைய மரத் தட்டுப்பாடு. கிடைத்த ஓக் துண்டுகளை 5 அடிச் சதுரங்களாக இணைத்தார்கள். ரேகை ஒரு கட்டத்தில் நெடுக்காகவும் அடுத்ததில் குறுக்காகவும் ஓடுவதைப் பாருங்கள். பஞ்சத்துக்குச் செய்த ஒட்டுவேலையே அணியின் அடையாளமானது.

பாஸ்டன் அரீனாவிலிருந்து 1952இல் இந்தத் தளம் கார்டனுக்கு வந்தது. புரூயின்ஸ் ஐஸ் ஹாக்கி அணிக்கும் அதுவே சொந்த அரங்கு. செல்டிக்ஸ் ஆடும் நாளில் பனித்தரைமேல் சதுரங்களைப் பரப்பி போல்ட் முடுக்குவார்கள். ஹாக்கிக்கு மறுபடி கழற்றுவார்கள்.

1957 முதல் 1986 வரை செல்டிக்ஸுக்கு 16 சாம்பியன் பட்டங்கள். அரங்கில் குளிர்சாதன வசதி கிடையாது: 1984 இறுதிச் சுற்றின் புழுக்கத்தில் எதிரணியான லேக்கர்ஸின் வீரர் கரீம் அப்துல்-ஜப்பார் ஆக்ஸிஜன் முகமூடியோடு உட்கார்ந்திருந்தார்.

1995இல் அரங்கு மூடப்பட்டது. தளமோ பக்கத்துப் புதிய அரங்கில் 1999 வரை உழைத்தது.