543 எம்.பி.க்கு 888 நாற்காலி எதுக்கு?

டெல்லி நாடாளுமன்றம்னாலே கண்ணுக்கு முன்னால வர்றது அந்த வட்டக் கட்டிடம்தான். லட்யன்ஸ், பேக்கர் என்ற 2 வெள்ளைக்காரர்கள் வடிவமைத்தது. 1921-ல் அடிக்கல் நாட்டி, 1927 ஜனவரி 18-ந்தேதி வைஸ்ராய் இர்வின் திறந்து வைத்தார். சுற்றிலும் 144 தூண்கள். செலவு ரூ.83 லட்சம்.

1929-ல் பகத்சிங் குண்டு வீசியது இங்கேதான். நம்ம அரசியல் சட்டம் உருவானதும் இங்கேதான்.

ஆனா போகப்போக இடம் பத்தல. இரு சபையும் சேர்ந்து உட்காரும் மைய மண்டபத்தில் சுமார் 440 பேருக்குத்தான் இருக்கை. அதனால் பக்கத்திலேயே முக்கோண வடிவில் புதுக்கட்டிடம் எழும்பியது. 2023 மே 28-ந்தேதி திறக்கப்பட்டது. மக்களவையில் 888 இருக்கை, மாநிலங்களவையில் 384.

2024 தேர்தலில் ஜெயிச்சுப் போனவங்க 543 பேர்தான். அப்போ மிச்ச நாற்காலி? பின்னாடி தொகுதி கூடினா தேவைப்படும்னு போட்டு வச்சதுதான்.

அந்த 543-ஐ மாநிலங்களுக்குப் பிரித்தது 1971 மக்கள்தொகை கணக்குப்படி. அதில் தமிழ்நாட்டுக்கு 39. புதுக்கணக்கு பார்த்துப் பிரிச்சா, குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்கா கடைப்பிடிச்ச நம்ம பங்கு குறைஞ்சிடுமோங்கிறதுதான் இங்கே பயம்.

நாற்காலி ரெடி. அதில் நம்மாளுக்கு எத்தனை என்பதுதான் கேள்வி!