வீட்டுக் கணினி – 14: பெட்டி வெளியே, திரை உள்ளே

சென்ற வாரம் ரேம் கூட்டுவதைப் பார்த்தோம். திரையும் கணினியும் ஒரே உடலாக வரும் ஆல்-இன்-ஒன் கணினிகள் சிலவற்றில் அது எளிது. கிராபிக்ஸ் கார்டு அப்படியல்ல. பெரும்பாலும் போர்டோடு சேர்ந்தே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வடாலா ஆன்டாப் ஹில்லில் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மகள் கல்யாண வீடியோ எடிட் செய்கிறாள். சீட்டுப் பணத்தில் வாங்கிய 2017 மாடல் 27 அங்குல ஐமேக்தான் அவள் பிழைப்பு.

"மாமா, கலர் சரிபண்ணி எக்ஸ்போர்ட் போட்டுட்டுப் படுத்தா, காலையில எந்திரிக்கும்போதும் ஓடிக்கிட்டு இருக்கு. வெளிய வைக்கிற கிராபிக்ஸ் கார்டு பெட்டி லாமிங்டன் ரோட்டுல இருக்காம். வாங்கலாமா?"

அந்தப் பெட்டிக்குள் தனி பவர் சப்ளையும் ஃபேனும் கார்டு செருகும் ஸ்லாட்டும் இருக்கும். கணினியோடு அதை இணைப்பது ஒரே தண்டர்போல்ட் கேபிள். சூடு பெட்டியோடு நின்றுவிடுவதால், மெல்லிய ஐமேக்குக்குள் புழுக்கம் ஏறாது. மும்பை வெயிலில் இது சிறிய லாபமில்லை.

ஆனால் வழி குறுகியது. மேசைக் கணினிக்குள் கார்டுக்கு 16 தடம் கிடைக்கும். தண்டர்போல்ட் 3 தருவது 4 தடம். ஐமேக்கின் திரை உள்ளேயே இருப்பதால், பெட்டியில் உருவான படம் அதே கேபிளில் திரும்பி வர வேண்டும். கேம் ஆடுவோருக்கு இது பெரிய இழப்பு. பெட்டியிலேயே இன்னொரு மானிட்டரைச் செருகினால்தான் கார்டின் வேகம் நன்றாகத் தெரியும். கலர் திருத்தம், நாய்ஸ் குறைப்பு போன்றவற்றில் கார்டுக்குக் கணக்கு வேலை அதிகம், போக்குவரத்து குறைவு. அதனால் அங்கே இழப்பும் குறைவு.

வாங்குமுன் மூன்றைப் பாருங்கள். ஒன்று, போர்ட். டைப்-சி வடிவம் மட்டும் போதாது, தண்டர்போல்ட் 3 வேண்டும். ஐமேக்கில் அது 2017 மாடலில்தான் வந்தது. இரண்டு, சிப். மேக்கில் வெளிக் கார்டு வசதி 2018 மார்ச்சில், மேக்ஓஎஸ் 10.13.4 பதிப்போடு முறையாக வந்தது. இன்டெல் சிப் உள்ளவற்றுக்கு மட்டும். எம்1 தொடங்கி ஆப்பிளின் சொந்த சிப் கொண்ட மேக்குகளில் கிடையாது. மூன்று, கார்டு. மேக்கில் ஏஎம்டி ரேடியான் மட்டுமே. அதிலும் 7000 வரிசைக்கு டிரைவர் இல்லை. பிளாக்மேஜிக் நிறுவனத்தின் 2018இல் வந்த முதல் பெட்டியில் ரேடியான் ப்ரோ 580 நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. இவள் ஐமேக்கிலும் அதே 580தான். கார்டை மாற்ற முடிகிற பெட்டியே இவளுக்குச் சரி.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை செய்தோம். ஆக்டிவிட்டி மானிட்டரில் ஜிபியு ஹிஸ்டரியைத் திறந்து வைத்துவிட்டு எக்ஸ்போர்ட் கொடுத்தோம். நாய்ஸ் குறைத்த காட்சிகள் வந்ததும் கோடு உச்சிக்கு ஏறி அங்கேயே நின்றது. தாமதம் கார்டில்தான். கோடு தாழ்ந்தே கிடந்திருந்தால் வாங்க வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

"கடைக்குப் போகும்போது ஐமேக்கையும் உன் கல்யாண ஃபைலையும் கொண்டு போ. பெட்டியை மாட்டி, மணி பார்த்து ஓட்டிக் காட்டச் சொல்லு. அப்புறம் காசைக் கொடு" என்றேன். சீட்டுப் பணம் கட்டி வாங்கியதைத் தூக்கிப் போடாமல் இன்னும் சில வருடம் உழைக்க வைக்க முடியுமானால், அந்த அலைச்சல் வீண் இல்லை.

அடுத்த வாரம்: கோடு தாழ்ந்தே கிடந்தால்? ஹார்ட் டிஸ்க்கைச் சோதிப்போம்.