வழிகாட்டும் கருவிக்கு மின்சாரம்

மணாலியிலிருந்து லே நகருக்குச் செல்லும் மலைப்பாதை 400 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. பனி உருகும் கோடையில் தொடங்கிச் சில மாதங்களே முழுமையாகத் திறந்திருக்கும் அப்பாதையில், தம்பி மகன் ஓட்டிய மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்ந்து நாமும் சென்றோம். இந்த வயதில் இது தேவைதானா என்று வீட்டில் கேட்டவர்கள் உண்டு. அது வேறு கதை.

எம்மிடம் கையடக்கமான ஜி.பி.எஸ். கருவி ஒன்று இருந்தது. பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைக் கொண்டு, நாம் நிற்கும் இடத்தை அது காட்டும். கைப்பேசிக் கோபுரமே இல்லாத இடத்திலும் வேலை செய்யும். இருட்டுவதற்குள் அடுத்த தங்குமிடத்தை அடைவோமா என்பதை அறிய அதையே நம்பியிருந்தோம். ஆனால் இரண்டு பென்சில் செல்களில் இயங்கிய அக்கருவி, கேலாங்கை அடையுமுன்பே சோர்ந்துவிட்டது. சாதாரண செல்கள் கடுங்குளிரில் தம் ஆற்றலை முழுமையாகத் தருவதில்லை.

வண்டியில்தான் பெரிய பாட்டரி இருக்கிறதே, அதிலிருந்தே மின்சாரம் எடுத்தால் என்ன என்று தம்பி மகன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆயினும் வண்டியின் பாட்டரி 12 வோல்ட். எஞ்சின் ஓடும்போது அது 14 வோல்ட்டையும் தாண்டும். கருவியின் துளைக்குத் தேவையானதோ 5 வோல்ட். நேராக இணைத்தால் கருவி அக்கணமே பாழாகும். எனவே, நடுவில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் பெட்டி ஒன்று வேண்டும். மூன்று கால்கள் கொண்ட 7805 என்னும் பழைய வகைச் சில்லு, எஞ்சிய 9 வோல்ட்டையும் வெறும் வெப்பமாக வீணாக்கிக் கொதிக்கும். இன்று கிடைக்கும் ‘ஸ்விட்சிங்’ வகைப் பெட்டியில் அத்தொல்லை குறைவு.

வழியில் ஒரு பட்டறைக்காரர் அத்தகைய பெட்டியையே பொருத்தினார். பியூஸ் மட்டும் வைக்கவில்லை. “கருவி அரை ஆம்பியர்கூட இழுக்காது, பியூஸ் எதற்கு?” என்றார். நமக்கும் அது சரியென்றே பட்டது.

மறுநாள் பாரலாச்சா கணவாய் ஏற்றத்தில், “பெரியப்பா, ஏதோ கருகுகிற வாடை!” என்று தம்பி மகன் வண்டியை நிறுத்தினான். பெட்ரோல் டாங்கின் அடியிலிருந்து புகை எழுந்தது. ஹாண்டில்பார் திரும்புந்தோறும் ஒயர் இரும்புச் சட்டத்தில் உராய்ந்து, மேலுறை தேய்ந்து, உள்ளிருந்த செம்பு சட்டத்தைத் தொட்டுவிட்டது. அப்பொழுது மின்சாரம் பாய்வது கருவியின் அளவுக்கு அன்று. பாட்டரியால் இயன்ற அளவுக்கு. மெல்லிய ஒயர் அடுப்புக் கம்பியைப்போல் பழுக்கிறது. அதற்கு ஒரு சாண் உயரத்தில் பெட்ரோல்! தம்பி மகன் கையுறையோடு ஒயரைப் பிடுங்கி எறிந்தான். நமக்கு அன்று பேச்சே எழவில்லை.

பியூஸ் கருவியைக் காப்பதற்கென்று நினைத்திருந்தோம். அது காப்பது ஒயரை. ஆகையால் அதன் இடம் கருவியின் அருகே அன்று. பாட்டரியின் நேர்முனையை விட்டுப் புறப்பட்டவுடனே, ஒரு சாண் தூரத்திற்குள். பியூஸுக்கும் பாட்டரிக்கும் இடைப்பட்ட ஒயருக்குப் பாதுகாப்பே கிடையாது அன்றோ?

எஞ்சிய வழியெல்லாம் செல்களைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துச் சூடேற்றி, அவ்வப்போது கருவியில் இட்டுப் பார்த்துக்கொண்டோம். சூடேறிய செல்கள் சிறிது நேரம் உயிர் பெற்றன.

லேயில் ஒரு முதிய எலக்ட்ரீஷியன் எல்லாவற்றையும் புதிதாகச் செய்தார். 2 ஆம்பியர் பியூஸ் வைத்தார். ஹாண்டில்பார் அருகே ஒயரை ரப்பர்க் குழாய்க்குள் செலுத்தி, இருபுறமும் திரும்பத் தாராளமாகத் தளர்வு விட்டார். சாவியை எடுத்ததும் இணைப்பு அறும்படி ஒரு ரிலேயும் சேர்த்தார். இல்லையேல் வண்டி நிற்கும் நாட்களில் அப்பெட்டி சொட்டுச் சொட்டாகப் பாட்டரியைக் குடித்துவிடுமாம். உதிரி பியூஸ் இரண்டைக் காகிதத்தில் மடித்துத் தந்தார். ஊர் வந்து சேரும்வரை அவை சட்டைப்பையிலேயே கிடந்தன.