ஈயக் குட்டையில் கொக்குகளின் குடியிருப்பு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பத்து காஜாவுக்கு அருகே, கிந்தா இயற்கைப் பூங்காவில் இருக்கும் ஏரிகள் யாவும் ஈயம் தோண்டிய குழிகள். 1938இல் கட்டப்பட்ட தஞ்சோங் துவாலாங் ஈயக் கப்பல் 1982 வரை இந்த வட்டாரத்தில் மண்ணை அள்ளிச் சலித்தது. 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிய, சுரங்கங்கள் ஓய்ந்தன. குழிகளில் நீர் தேங்கியது, கரையில் கோரையும் புதரும் மண்டின, மீன் பெருகியது. பறவைகளுக்கு வேறென்ன வேண்டும்?

சாம்பல் நாரை, செந்நாரை, பெரிய கொக்கு, சின்னக் கொக்கு, வக்கா எனப் பல இனங்கள் இங்கே பக்கத்துப் பக்கத்துப் புதர்களில் கூடு கட்டுகின்றன. மலேசியாவின் பெரிய கொக்குக் குடியிருப்புகளில் இது ஒன்று. பார்க்கச் சிறந்த நேரம் அந்திப்பொழுது. பகலெல்லாம் மேய்ந்த கொக்குகள் கூட்டமாக அடைய வரும். இரவில் இரை தேடும் வக்காக்களோ அப்போதுதான் கரகரத்த குரலெழுப்பிக் கிளம்பும். ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்குபவர்கள் இருட்டிய பிறகும் அந்தக் குரலைக் கேட்கலாம்.

பேராக்கில் பனிக்காலம் கிடையாது. ஆனாலும் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை வட ஆசியக் குளிருக்குத் தப்பி வந்த தகைவிலான்களும் பழுப்புக் கீச்சான்களும் இங்கே தங்கும்.

பறவைகளுக்கு இடமளிப்பவை ஏரிகள் மட்டுமல்ல. பழைய ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. செம்பனைத் தோட்டங்களில் எலிகளைக் கட்டுப்படுத்தக் கூகைகளுக்குக் கூட்டுப்பெட்டி வைக்கிறார்கள். அபசகுனம் என்று நம் வீடுகளில் அஞ்சிய பறவைக்கு அங்கே நல்ல வரவேற்பு!

பூங்காவுக்குச் சென்றால், கூடுகள் உள்ள புதர்களை நெருங்க வேண்டாம். தாய்ப்பறவை மிரண்டு எழுந்தால் முட்டைகளும் குஞ்சுகளும் வெயிலில் வாடும்.